‘ஓவர்ஹால்’னு சொல்லுங்க... தேதியையும் சொல்லுங்க!

ஒரு சின்ன கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெஷின் நின்றுபோனால் உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்? ‘நின்னுபோச்சு’ என்பீர்கள். மேட்டர் ஓவர். ஆனால், எங்கள் நெய்வேலியில் அதற்கு மூன்று வார்த்தைகள் உண்டு. இங்கே அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு அ, ஆ, இ-யோடு சேர்த்து இதுவும் அத்துப்படி!

முதல் வார்த்தை, ‘ட்ரிப்’. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் யூனிட் திடீரென்று நின்றுவிடும். பாய்லரில் ட்யூப் லீக்காக இருக்கலாம். ஏதாவது ஒரு பாதுகாப்பு ரிலே வேலை செய்திருக்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டில் போன் அடிக்கும். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்புவார்.

ரெண்டாவது, ‘ஓவர்ஹால்’. முன்கூட்டியே தேதி குறித்து, எத்தனை நாள் என்று எழுதி வைத்து, யூனிட்டை நிறுத்துவார்கள். டர்பைனைப் பிரித்து, பிளேடு பிளேடாகப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, திரும்ப மாட்டி ஓட்டுவார்கள்.

மூன்றாவது, ரிட்டயர்மென்ட். 1962-ல் சோவியத் உதவியோடு ஓட ஆரம்பித்த எங்கள் முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட், 2020 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டது. ஊரே கொஞ்சம் கலங்கித்தான் போனது. ஆனால், அதன் இடத்தை நிரப்ப 2 x 500 மெகாவாட்டில் புது நிலையம் கட்டப்பட்டது.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். புகைபோக்கியில் புகை வராது. அவ்வளவே! எது எது என்று உள்ளே இருப்பவர்கள் சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு மெயில் வந்தது!

எனக்குத் தெரிந்த ஒரு சீனியர் அக்கா. டவுன்ஷிப் கேட்டைத் தாண்டி, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஒரு கிராமத்துப் பெண். அப்பா கான்ட்ராக்ட் தொழிலாளி. வீட்டில் முதல் பட்டதாரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஃபைனல் இயர்.

அக்காவின் ஆசை கொஞ்சம் வித்தியாசமானது. போனில் நாம் பேசினால் எழுத்தாக மாற்றிக் கொடுக்கிறதே, அந்த டெக்னாலஜிக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு புரிவதே இல்லை. செய்தி வாசிக்கிற மாதிரி பேசினால் புரியும். ‘இன்னாத்துக்கு’ என்று ஒரு பாட்டி கேட்டால் முழிக்கும். ‘‘எங்க ஆயா பேசறது அதுக்குப் புரியணும்டி. அதுவரைக்கும் விடறதா இல்ல’’ என்பார் அக்கா. அதையே ஆராய்ச்சியாகச் செய்ய வேண்டும் என்று ஆசை.

இப்படிப்பட்ட பின்னணியிலிருந்து வரும் பெண்களுக்கு வழிகாட்டி ஒருவரையும், கொஞ்சம் உதவித்தொகையும் கொடுக்கும் ஒரு தொண்டு அமைப்பு அக்காவைத் தேர்ந்தெடுத்திருந்தது. (பேர் வேண்டாமே!) மாதம் ரெண்டு தடவை வழிகாட்டியோடு வீடியோ காலில் பேச்சு. படிக்க வேண்டிய ஆராய்ச்சிக் கட்டுரைகள். வீட்டிலும் ‘ஏதோ பெரிய படிப்பு படிக்குது’ என்று ஒரு மரியாதை.

ஒருநாள் மெயில் வந்தது. ‘எங்கள் திட்டங்கள் அனைத்தையும் தற்காலிகமாக நிறுத்துகிறோம். உங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் சிறப்பாக எப்படி உதவுவது என்று மறுபடி யோசிக்கப்போகிறோம்.’ மரியாதையான மெயில்தான். நன்றியெல்லாம் சொல்லியிருந்தார்கள். ஆனால், எவ்வளவு நாளைக்கு? அதற்குப் பதில் இல்லை.

‘‘கோவமா இருக்காக்கா?’’ என்று கேட்டேன்.

‘‘கோவம்லாம் இல்லடி. எத்தனை நாளுன்னு மட்டும் சொல்லியிருந்தா, எங்கப்பாகிட்ட நான் எத்தனை நாளு டைம் கேக்கணும்னு தெரிஞ்சிருக்கும்!’’

ஃப்ரெண்ட்ஸ், இந்த ஒரு வரிதான் என்னை உட்கார்ந்து தேட வைத்தது. இந்த மாதிரி அமைப்புகள் ஏன் நிறுத்துகின்றன? நிறுத்தியவர்கள் திரும்பி வந்திருக்கிறார்களா? தேடத் தேட, எங்கள் ஊர் வார்த்தைகள் மூன்றும் அப்படியே பொருந்தியது!

ட்ரிப் ஆன கதை

‘விமன் ஹூ கோட்’ என்று ஒரு அமைப்பு. 2011-ல் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியது. டெக்னாலஜி துறையில் பெண்களைக் கைதூக்கிவிடுவது நோக்கம். 145 நாடுகள், 3,60,000-க்கும் மேல் உறுப்பினர்கள் என்று வளர்ந்தது. நம் நாட்டிலும் கிளைகள் இருந்தன. 2024 ஏப்ரலில் திடீரென்று ‘மூடுகிறோம்’ என்று அறிவித்தார்கள். காரணம், நிதி இல்லை. அதே வருடம் ஜூலையில் ‘கேர்ள்ஸ் இன் டெக்’ என்ற இன்னொரு அமைப்பும் மூடியது. அது 2007-ல் தொடங்கியது.

பாடம் சிம்பிள். எத்தனை லட்சம் பேர் இருந்தாலும், எரிக்கிற கரி வெளியிலிருந்து வருகிறது என்றால், அந்த பெல்ட் நின்ற அன்றைக்கு பாய்லரும் நிற்கும்.

பிரித்து மாட்டின கதை

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், பாஸ்!

லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரைப் பார்த்திருப்பீர்கள். அதன் திரையில் தெரியும் ‘க்னோம்’ என்ற டெஸ்க்டாப், உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் மென்பொருள். 2006-ல், கூகுள் நடத்தும் ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தில் க்னோமுக்கு 181 மாணவர்கள் விண்ணப்பித்தார்கள். அதில் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? சைபர்!

‘பொண்ணுங்களுக்கு இதுல இன்ட்ரஸ்ட் இல்ல’ என்று நம் காலேஜ் லேபில் சொல்வார்களே, அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பெண்களுக்கென்றே ஒரு கோடைக்காலத் திட்டம் அறிவித்தார்கள். இந்தத் தடவை 100 விண்ணப்பங்கள் குவிந்தன. ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, ஆள் இல்லாமல் இல்லை. ‘உள்ளே வாங்க’ என்று யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்!

ஆனால், அடுத்த வருடம் அந்தத் திட்டம் நடக்கவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. 2010-ல்தான் திரும்ப வந்தது. மரினா ஸுராகின்ஸ்கயா என்ற பெண்மணி பொறுப்பேற்று நடத்தினார். வந்தது பழைய வண்டி இல்லை, பிரித்து மாட்டிய வண்டி.

என்ன மாறியிருந்தது? விண்ணப்பிக்கும்போதே ஒரு வழிகாட்டியோடு பேசி, ஒரு சின்ன வேலையாவது செய்து காட்ட வேண்டும். ஒரு பக்கை சரிசெய்யலாம், ஒரு பக்கம் விளக்கக் குறிப்பு எழுதலாம். ‘இதெல்லாம் எனக்கு வருமா?’ என்று பயப்படும் பெண், செலக்ட் ஆவதற்கு முன்பே ‘அட, வருதே!’ என்று தெரிந்துகொள்வாள். செலக்ட் ஆகாவிட்டாலும் அந்த வேலை அவள் பேரில் இருக்கும். இன்னொன்று, மாணவிகள் மட்டும்தான் என்ற கட்டுப்பாடு இல்லை. படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களும் வரலாம்.

2013-ல் லினக்ஸ் கெர்னல் திட்டமும் சேர்ந்துகொண்டது. 2015-ல் ‘சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்ஸி’ என்ற அமைப்பின் கீழ் ‘அவுட்ரீச்சி’ என்ற பெயரில், பெண்களோடு, வாய்ப்பு மறுக்கப்பட்ட மற்ற பிரிவினருக்கும் கதவு திறந்தது. வீட்டிலிருந்தே வேலை. உதவித்தொகையும் உண்டு. நம் நாட்டிலிருந்து ஏகப்பட்ட பேர் இதில் இன்டர்ன்ஷிப் முடித்திருக்கிறார்கள்.

ஆறு பேரில் தொடங்கி, நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்த ஒரு திட்டம்தான் இத்தனைக்கும் வேர். ஆக, நிறுத்துவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை.

கையில் கொடுத்துவிட்டுப் போன கதை

மூன்றாவது, ‘அடா இனிஷியேட்டிவ்’. கம்ப்யூட்டருக்கு முதல் நிரல் எழுதியவர் என்று கொண்டாடப்படும் அடா லவ்லேஸ் பெயரில், 2011-ல் வேலரி அரோரா, மேரி கார்டினர் என்ற ரெண்டு பெண்கள் தொடங்கியது. ஓப்பன் சோர்ஸ் துறையில் இருக்கும் பெண்களுக்காக ‘அடாகேம்ப்’ என்று முகாம்கள் நடத்தினார்கள். 2014 நவம்பரில் பெங்களூரிலும் நடந்தது. டெக்னாலஜி மாநாடுகளில் பெண்களிடம் யாராவது அத்துமீறினால் என்ன நடவடிக்கை என்பதற்கு எழுத்தில் விதி வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, பல மாநாடுகளை ஒத்துக்கொள்ள வைத்தார்கள்.

2015 ஆகஸ்டில், ‘அக்டோபரோடு மூடுகிறோம்’ என்று அறிவித்தார்கள். நிறுவனர்களுக்குப் பிறகு பொறுப்பேற்று நடத்த சரியான தலைமை அமையவில்லை. ஆனால், போகும்போது சும்மா போகவில்லை. பயிற்சிக்கு வைத்திருந்த பாடங்கள், முகாம் நடத்தும் கையேடு எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்து உபயோகிக்கலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அமைப்பு இல்லை. ஆனால், வேலை இருக்கிறது!

நம்ம நாட்டு நிலவரம்

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். நம் அரசாங்கத் திட்டங்களும் இப்படி நின்றிருக்கின்றன. ஆராய்ச்சிக்கு வரும் மாணவர்களைப் பள்ளி, கல்லூரியிலேயே கண்டுபிடிக்க 1999-ல் தொடங்கிய ‘கே.வி.பி.ஒய்’ உதவித்தொகைத் தேர்வு, 2022-ல் நிறுத்தப்பட்டு ‘இன்ஸ்பயர்’ திட்டத்தோடு சேர்க்கப்பட்டது. சிறுபான்மை மாணவர்களின் பிஹெச்.டி. படிப்புக்காக 2009-ல் வந்த மௌலானா ஆசாத் ஃபெலோஷிப், 2022-23 முதல் புதியவர்களுக்கு இல்லை என்று ஆனது. வேறு திட்டங்களோடு ஒன்றின் மேல் ஒன்றாக வருகிறது என்று காரணம் சொன்னார்கள். ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தொடரும் என்றார்கள். அதற்காகக் காத்திருந்த அடுத்த பேட்ச்? அவர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது.

நிறுத்தாமலேயே மாற்றிய கதையும் நம்மிடம் இருக்கிறது. ஐ.ஐ.டி-க்களின் பி.டெக் வகுப்புகளில் 2016 வாக்கில் பெண்கள் சுமார் 8 சதவிகிதம்தான். 2018-ல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்களை உருவாக்கினார்கள். இருக்கும் சீட்டில் யாருக்கும் கை வைக்கவில்லை. முதல் வருடம் 14 சதவிகிதம், அடுத்தது 17, அப்புறம் 20 என்று படிப்படியாக இலக்கு வைத்தார்கள். ஒருநாள்கூடக் கதவைச் சாத்தவில்லை. ஓடும் வண்டியிலேயே டயர் மாற்றினார்கள்!

நிறுத்தறதுல ரெண்டு வகை

இப்போது எங்கள் ஊர் விஷயம் இன்னும் ரெண்டு சொல்கிறேன்.

ஒன்று. ஓவர்ஹால் என்றால் எல்லா யூனிட்டையும் ஒரே நாளில் நிறுத்த மாட்டார்கள். ஒன்றை நிறுத்தினால் மற்றவை ஓடும். எதை எப்போது நிறுத்துவது என்று கிரிட்காரர்களோடு பேசி, வரிசை போட்டுத்தான் செய்வார்கள். காரணம், இங்கே ஸ்விட்சை அணைத்தால் எங்கோ ஒரு வீட்டில் ஃபேன் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ரெண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருப்பதே 1930-களில் கிணறு தோண்டும்போதுதான் தெரிய வந்தது. இங்கே தண்ணீருக்கும் கரிக்கும் அப்படி ஓர் உறவு! கரிப் படிவத்துக்குக் கீழே, பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை ராப்பகலாக பம்ப் போட்டு வெளியேற்றினால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். கரி வெட்டுகிற ராட்சத மெஷினை நிறுத்தலாம். கன்வேயரை நிறுத்தலாம். பம்ப்பை மட்டும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் அடியிலிருந்து தண்ணீர் முட்டிக்கொண்டு மேலே வந்துவிடும்.

தொண்டு அமைப்புகளிலும் இந்த ரெண்டும் உண்டு என்பது என் கருத்து. புது பேட்ச் எடுப்பது, மாநாடு நடத்துவது, விளம்பரம், போட்டோ, டி-ஷர்ட்... இதெல்லாம் வெட்டுகிற மெஷின். தாராளமாக நிறுத்தி யோசிக்கலாம். சொல்லப்போனால் யோசிக்கவே வேண்டும்! ஒருநாள் ஒர்க்‌ஷாப், ஒரு சர்ட்டிஃபிகேட், ஒரு குரூப் போட்டோ என்று 100 பேரை அனுப்பிவிட்டு ‘100 பெண்களை ஆராய்ச்சியாளர் ஆக்கினோம்’ என்று ரிப்போர்ட் எழுதுகிற கூத்தை நாமும் நம் காலேஜ் ஆடிட்டோரியத்தில் பார்த்தவர்கள்தானே?

ஆனால், ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட பெண்ணுக்கு மாதம் ரெண்டு தடவை வரும் அந்த போன் கால் இருக்கிறதே... அது பம்ப்! அதை நிறுத்தினால், அடியில் அழுத்திக்கொண்டிருப்பதெல்லாம் மேலே வரும். ‘எதுக்கும்மா மேல்படிப்பு?’, ‘கேம்பஸ்ல வேலை கிடைச்சா போயிடு’, ‘தூரத்துச் சொந்தத்துல ஒரு வரன் வந்திருக்கு’... எல்லாம் ஒரே வாரத்தில் வரும். அக்கா வீட்டில் வந்தது.

அமைப்புக்கு ஒரு வருடம் என்பது நாலு மீட்டிங், ஒரு ரிப்போர்ட். ஃபைனல் இயர் படிக்கும் பெண்ணுக்கு ஒரு வருடம் என்பது, அவளுடைய மொத்த சான்ஸ். ரெண்டும் ஒரே காலண்டர் இல்லை.

கேட்க வேண்டிய நாலு கேள்வி

எனவே, ‘மறுபடி யோசிக்கிறோம்’ என்று சொல்லும் யாரிடமும் நாம் நாலு கேள்வி கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, பாஸ்.

ஒன்று: எந்தத் தேதி வரைக்கும்? திரும்ப ஆரம்பிக்க முடியாவிட்டாலும், ‘இந்தத் தேதியில் முடிவு சொல்வோம்’ என்றாவது சொல்லலாமே.

ரெண்டு: இப்போது உள்ளே இருப்பவர்களுக்கு என்ன? அந்த பேட்ச்சையாவது முடித்துக் கொடுப்பார்களா?

மூன்று: யோசிக்கிற ரூமில் யார் யார்? சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து ‘கிராமத்துப் பெண்ணுக்கு என்ன வேண்டும்’ என்று விவாதிக்கும் மேஜையில், ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு நாற்காலி உண்டா? க்னோம்காரர்களுக்கு 100 விண்ணப்பங்கள் வந்ததே, அதுவே ஒரு பதில்தான். கேட்டால்தான் பதில் வரும்.

நாலு: மூடத்தான் போகிறீர்கள் என்றால், எதை எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகப்போகிறீர்கள்? பாடங்களா, வழிகாட்டிகளின் தொடர்பா, நடத்திப் பார்த்ததில் கற்றுக்கொண்டதா?

‘‘நாம கேட்டா அவங்க பதில் சொல்வாங்களா?’’ என்றாள் என் ரூம்மேட். நியாயமான சந்தேகம்தான். இலவசமாகக் கொடுத்தவர்களிடம் கணக்குக் கேட்க நமக்குக் கூச்சம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வளர்க்கப்பட்டவர்கள் ஆச்சே! ஆனால், ஒரு பெண்ணின் ரெண்டு வருடத் திட்டத்தை வாங்கிக்கொண்டு ஒரு கை கொடுக்கிறார்கள் என்றால், அது தானம் இல்லை. ஒப்பந்தம். ரெண்டு பக்கமும் பேசலாம்.

சரி, நாம என்ன பண்றது?

ஒரே கயிற்றைப் பிடித்துத் தொங்காதீர்கள். ஒரு திட்டத்தில் செலக்ட் ஆகிவிட்டோம் என்று மற்ற விண்ணப்பங்களை எல்லாம் மூட்டை கட்டாதீர்கள். ஒரு வழிகாட்டி கிடைத்தால், அவரோடு பேச்சு அமைப்பு மூலமாக மட்டும் இருக்க வேண்டாம். நீங்களே ஒரு மெயில் போட்டு, செய்த வேலையைக் காட்டி, நேரடியாகப் பழகிக்கொள்ளுங்கள். அமைப்பு நின்றாலும் மனிதர் நிற்க மாட்டார்.

செய்கிற வேலையை வெளியில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வையுங்கள். சர்ட்டிஃபிகேட் கொடுத்தவர் நாளைக்கு இல்லாமல் போகலாம். நீங்கள் எழுதிய கோட் இருக்கும்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எங்களுக்கு பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் பற்றி எழுத ‘கணியம்’ இருக்கிறது. பெரிய ஃபண்ட், பெரிய மேடை எல்லாம் இல்லாமல், கையில் இருக்கும் நேரத்தைக் கொடுத்து ஓடுகிற குழுக்கள் இவை. வெளியிலிருந்து கரி வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லாதவை.

அக்கா? ப்ளேஸ்மென்ட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறார். ‘‘பொங்கல் வரைக்கும் பாரும்மா, அதுக்கப்புறம் பேசிக்கலாம்’’ என்று அவர் அப்பா ஒரு தேதி கொடுத்திருக்கிறார். கவனித்தீர்களா... அந்த அமைப்பு கொடுக்காத தேதியை, கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் அந்த மனிதர் கொடுத்தார்!

இதற்கு நடுவில், கிராமத்து ஆயாக்கள் பேசியதை எல்லாம் அவர்கள் சம்மதத்தோடு போனில் ரெக்கார்ட் செய்து வைத்திருக்கிறார் அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு ஜூனியர்கள் உட்கார்ந்து, அதைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக மாற்றுகிறோம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஒரு நாள் முழுசும் போகிறது. ‘இன்னாத்துக்கு’ மட்டும் இதுவரை எத்தனை தடவை எழுதினோம் என்று கணக்கே இல்லை. இது ஆராய்ச்சி ஆகுமா, பேப்பர் ஆகுமா... தெரியாது. ஆனால், பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஃப்ரெண்ட்ஸ், அக்காவுக்கு வந்த மாதிரி ஒரு மெயில் நாளைக்கு உங்களுக்கும் வரலாம். வந்தால் அழாதீர்கள். டெலீட்டும் பண்ணாதீர்கள். நன்றி சொல்லி, மரியாதையாக, ஒரே ஒரு வரி ரிப்ளை போடுங்கள்.

‘ஓவர்ஹால்னா ரொம்ப சந்தோஷம் மேடம்... யூனிட் திரும்ப ஓடற தேதி என்ன?’